மாமன் மடி

தை 14, திங்கள்
காலையில் பனி. உரக்கடை திறக்கத் தாமதம், காரணம் வழக்கமான கக்கூஸ் ஓட்டம்தான். காய்ச்சல் மாதிரி இருக்கிறது. டாக்டருக்குப் போன் செய்தேன். உள்பை மறுபடி வீங்கியிருக்கும், அதே மாத்திரையைத் தொடங்குங்கள் என்றார். புண்ணாய்ப் போன பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடல் நுனியை மடித்துத் தைத்த பை. மலம் சேர வயிற்றில் ஒட்டிய வெளிப்பை ஒழிந்தால் போதும் என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். இந்தத் தடவை மாத்திரை கேட்காவிட்டால் குழாய் விட்டு ஸ்கோப் பார்த்துவிட்டு, திரும்ப வெளிப்பை வைக்க வேண்டியிருக்குமாம். மழை வரும் என்பதுபோலச் சொல்கிறார்.

வெள்ளிக்கிழமை தங்கச்சி மூத்த மகளுக்குக் காதுகுத்து. உப்பூர்ப் பக்கம், அவர்கள் குலசாமி கோயில். தாய்மாமன், என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்காகவே இரண்டு வருடம் தள்ளிப்போட்டிருக்கிறாள். அவள் புகுந்த வீட்டில் எனக்கு நடந்தது குடலிறக்க ஆபரேஷன் என்று நானே சொல்லிவைத்திருக்கிறேன்.

தை 16, புதன்
வாயெல்லாம் செம்புக்காசு ருசி. மாத்திரை. யூரியா இறங்கும்போது பாதியில் ஓட்டம். லோடுமேன் என் முதுகுக்குப் பின்னால் சிரித்தான்.

வாங்க வேண்டியது: பட்டுப்பாவாடை, வளையல், பழம். மாற்று வேட்டி. நாப்கின், பெரிய சைஸ் (உள்ளூர் மருந்துக்கடையில் வேண்டாம்).

சித்தப்பா மகன் மடியில் வைத்துக் குத்தட்டுமே என்றாள் என் மனைவி செல்வி. அக்கறையில்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. சோறு வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். வயிறு காலி, அதுவும் நல்லதுக்குத்தான்.

தை 17, வியாழன்
வரமுடியாது என்று சொல்லத்தான் தங்கச்சியைக் கூப்பிட்டேன். பந்தல், சமையல் என்று அவளே பேசிக்கொண்டிருந்தாள். கடைசியில் நான் கேட்டது, கோயில் பக்கம் கக்கூஸ் உண்டா. இல்லையாம், கருவேலங்காடுதானாம். வைத்துவிட்டேன். மத்தியானத்திலிருந்து வெறும் கஞ்சித்தண்ணி.

பயம். பிள்ளை மடியில் இருக்கும்போது வேட்டி நனைந்தால்?

தை 18, வெள்ளி
நடந்துவிட்டது.

ஒரு காது குத்தினார் ஆசாரி. பாப்பா வீல் என்று கத்தி என் சட்டையைப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து அடிவயிறு முறுக்கியது. பிள்ளையைச் செல்வி கையில் கொடுத்துவிட்டு, மாற்று வேட்டி வைத்த பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எல்லாரும் பார்க்க, மாலையோடு.

காட்டுக்குள் இருக்கும்போது கேட்டது. நேரம் போகுது, வேறு யாராவது உட்காருங்கப்பா என்று ஒரு குரல். அப்புறம் தங்கச்சி.

"யாரும் உக்கார வேணாம். எங்கண்ணனுக்குப் பெருங்குடலையே எடுத்துருக்கு, அதுனால அடக்க முடியாது. அண்ணன் வந்துரும், இருங்க."

அவமானம். அவளை ஓங்கி அறையலாம் போல இருந்தது. நாப்கின், வேட்டி எல்லாம் மாற்றினேன். அப்படியே ரோட்டுப்பக்கம் போய் பஸ் ஏறிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

வெளியே வந்தால் வழியில் ஒரு வாளித் தண்ணீர், சோப்பு. தங்கச்சி மாமனார் கொஞ்சம் தள்ளி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

"மெதுவா வாங்க மாப்ள. நேரம் கெடக்கு."

நல்ல நேரம் எப்போதோ முடிந்திருந்தது. அவருக்கும் தெரியும்.

திரும்பப் போய் உட்கார்ந்தேன். ஆசாரி ஊசியோடு அதே இடத்தில். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பாப்பா மட்டும், எங்க மாமா போன என்றாள். இரண்டாவது காதுக்கு அவளோடு சேர்ந்து நானும் அழுதேன். மாமனுக்கு இளகின மனசு என்று யாரோ சொன்னார்கள்.

தை 19, சனி
காய்ச்சல் விடவில்லை. டாக்டர் ஸ்கோப்புக்கு வரச் சொல்லிவிட்டார், திங்கள்கிழமை மதுரை. வெளிப்பைதான் என்று மனசு சொல்கிறது.

தங்கச்சி போன். காது வீங்கவில்லையாம். எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாயே என்று கேட்டேன்.

"சின்னவளுக்கு அடுத்த தையில குத்தணும்ணே. பை உள்ள இருந்தா என்ன, வெளிய இருந்தா என்ன. எங்களுக்கு மடிதான வேணும்."

வைக்கிறேன் என்றேன். யூரியா லாரி வந்துவிட்டது.