பிரசிடெண்டோடு பேசமாட்டேன் என்ற சத்தியம்

பூந்தமல்லி போஸ்டு
தாது வருஷம் ஐப்பசி மாதம் 12ஆம் தேதி

சௌபாக்கியவதி தாட்சாயிணிக்கு உன் நைனா ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் தங்கை வரலட்சுமியும் சினையாக இருக்கிற செவலைப் பசுவும் சௌக்கியம், என் வலதுகைச் சுட்டுவிரல் ஒன்றுதான் சௌக்கியமில்லை. அதனால்தான் எழுத்து இப்படி நண்டு ஓடின மாதிரி இருக்கிறது, நைனாவுக்கு வயசாகிவிட்டது என்று மாப்பிள்ளை ஜெயராமனிடம் சொல்லி ரங்கூனில் உட்கார்ந்து அழாதே. விரல் வெந்துபோனது. எப்படி என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உன் அம்மா எப்படியும் யாரையாவது பிடித்து எழுதவைத்துவிடுவாள், நானே எழுதினால் கொஞ்சம் மரியாதையாக எழுதிக்கொள்ளலாம். போன வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் முன்னால் தட்டில் கற்பூரம் ஏற்றி ஊர் ஆம்பிளைகள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகப் போய் உள்ளங்கையால் தட்டி அணைத்துச் சத்தியம் செய்தோம். மற்றவர்கள் பட்டென்று ஒரே தட்டாகத் தட்டிவிட்டு நகர்ந்தார்கள். நான் மட்டும் சத்தியத்தில் என்னென்ன வார்த்தை இருக்கிறது, தப்பிக்க எங்கே சந்து இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே மெதுவாகக் கையை வைத்தேன். யோசிக்கிறவனுக்காகக் கற்பூரம் காத்திருக்குமா. நான் போட்ட சத்தத்தில் கோயில் புறா எல்லாம் பறந்துபோனது. இன்னா மாமே, தீய கால்ல மிதிப்பாங்கோ, நீ கையால மிதிக்கிறியே என்று பின்னால் நின்ற வேம்புலி கேட்க, கூட்டமே சிரித்தது.

சத்தியம் எதற்கு என்றால், நம் பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டு பரந்தாம முதலியாரை மெம்பர்கள் எல்லாம் கை தூக்கி நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருநின்றவூரில் மகளோடு போய் இருக்கிறதாக முடிவு செய்துவிட்டார். போகிறவரைக்கும் யாரும் அவர் வாசலை மிதிக்கக்கூடாது, வண்டி மாடு கொடுக்கக்கூடாது, ஒரு வார்த்தை பேசக்கூடாது, இதுதான் சத்தியம். ஏற்பாடு செய்தவர் எத்திராஜ், அதாவது வருகிற தை மாதத்தில் நமக்குச் சம்பந்தியாகப் போகிறவர். வரலட்சுமிக்கும் அவர் மகன் தசரதனுக்கும் வெற்றிலை பாக்கு மாற்றியிருப்பது உனக்குத் தெரியும். அவர் ஊரைப் பார்த்துப் பேசினாலும் கண் என் மேலேயே இருந்தது. அந்தாளு மேல யாருக்கானா பாசம் கீதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நானும் என் ஊட்டு விசயத்த யோசிச்சிக்கிறேன் என்றார். எந்த வீட்டு விஷயம் என்று யாரும் கேட்கவில்லை, எனக்குக் கேட்கவேண்டிய அவசியமும் இல்லை.

முதலியார் ஒன்றும் தேன் ஒழுகுகிற மனிதர் இல்லை. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. எல்லோரையும் நீ வா போ என்பார், யார் வீட்டு விசேஷத்துக்கு வந்தாலும் பந்தியைப் பார்க்காமல் சாக்கடை எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். வீட்டு வரியை ஏற்றினார், அதை ஊர் மன்னித்தாலும் மன்னித்திருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன் ஆடியில் வாந்திபேதி வந்தபோது அம்மனுக்குக் கூழ் ஊற்றக்கூடாது என்று தடுத்து, காய்ச்சி வைத்திருந்த கூழை அண்டாவோடு குழியில் சாய்த்து மண் போட்டு மூடினாரே, அதைத்தான் ஊரால் மறக்க முடியவில்லை. அந்த வருஷக் கூழ் எத்திராஜ் உபயம். ஆத்தா கூழுல மண்ணப் போட்டவன் ஊட்ல வெளக்கு எரியுமா என்று அன்றைக்குக் கத்தத் தொடங்கினவர் இன்றைக்கு வரைக்கும் ஓயவில்லை. முதலியார் கிணற்றில் ஊதா மருந்தைக் கலக்கினபோது விஷம் என்று நானும்தான் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். எங்கள் எதிரிலேயே ஒரு சொம்பு மொண்டு குடித்துக் காட்டினார். நான் அதையும் நம்பாமல், வாயில் அடக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் துப்புவார் என்று தெருமுனை வரைக்கும் அவர் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். துப்பவில்லை.

இப்போது உனக்கு ஒன்று எழுதவேண்டும். அந்த ஆடியில் வரலட்சுமிக்கு வயிற்றுக் கோளாறு என்று எழுதினோம் அல்லவா, அது வயிற்றுக் கோளாறு இல்லை, பேதிதான். நீ கடல் தாண்டி இருந்துகொண்டு என்ன செய்வாய் என்று மறைத்தோம். விடிந்ததிலிருந்து போய்ப் போய், பத்து மணிக்கெல்லாம் கை கால் சில்லிட்டுக் கண் குழிக்குள் போய்விட்டது. நம் தெருவில் ஒரு கதவு திறக்கவில்லை, சொந்தக்காரர்கள் கதவுதான் முதலில் மூடினது. முதலியார் வாடகை வண்டி பிடித்து டாக்டரை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். ஊசி போட்ட டாக்டர், பெண் ஒன்றுக்குப் போனால் பிழைத்தாள் என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார். முதலியார் போகவில்லை. கொல்லையில் போய் உரல் மேல் உட்கார்ந்துகொண்டார், உரல் மேல் உட்காரக்கூடாது என்று சொல்ல உன் அம்மாவுக்கே அன்றைக்கு வாய் வரவில்லை. காய்ச்சின தண்ணீரில் உப்புப் போட்டுக் கரண்டி கரண்டியா ஊத்து, நிறுத்தாதே என்று அவளை அதட்டுவார், கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் இன்னா, போனாளா என்று கேட்பார். விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா அழுதுகொண்டே ஓடி வந்து, ஒன்றுக்குப் போய்விட்டாள் என்றாள். மனிதர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, கொல்லையில் இவ்வளவு குப்பை சேர்த்து வைத்திருக்கிறாயே என்று என்னைத் திட்டிவிட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம், இதற்குப் பதிலாக அவர் என்ன கேட்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓட்டு கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை. நம் ஏரிக்கரை நிலத்தின் மேல் கண் என்று நினைத்தேன், அந்தப் பக்கமே வரவில்லை. ஒன்றுமே கேட்காதது பெரிய சந்தேகமாகப் போய், எதிரில் வந்தால் இன்னும் உற்று உற்றுப் பார்ப்பேன். பார்த்துப் பார்த்துக் கடைசியில் அவர் மேல் எனக்கு மதிப்பு வந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. ஊருக்குத் தெரியாமல் ஒருவரை மதிக்கிறது கள்ளச் சாராயம் குடிக்கிற மாதிரி, எந்நேரமும் வாயை மூடிக்கொண்டே நடக்கவேண்டியிருக்கிறது.

சத்தியத்துக்கு அப்புறம் யாரைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம். பால் வாங்க வருகிற நாகவல்லி, இன்னா அண்ணாத்தே, உங்காளு எப்போ கெளம்பறாராம் என்று கேட்டாள். உங்காளு என்று ஏன் சொன்னாள் என்று அரை நாள் யோசித்தேன். வேம்புலி எத்திராஜின் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவன், அவன் நான் போகிற இடத்திலெல்லாம் நிற்கிறான். காட்டுப்பாக்கத்துக்கு வைக்கோல் பார்க்கப் போனால் அங்கேயும் நிற்கிறான், அவனும் வைக்கோல் பார்க்கத்தான் வந்தானாம். உன் அம்மாவிடம் சொன்னால், நீ சும்மா இருய்யா, நீ எதுக்கு அவன் பின்னாலயே சுத்திகினு கீறேன்னு அந்த வேம்புலி என்னக் கேட்டுட்டுப் போறான் என்கிறாள்.

முதலியார் நேற்றுக் காலையில் கிளம்பினார். சத்தியத்தில் வாசலை மிதிக்காதே என்றுதான் இருக்கிறது, ரோட்டில் நிற்காதே என்று இல்லை. ஆகவே வயலுக்குத் தண்ணீர் பாய்கிறதா என்று பார்க்கிற மாதிரி ஏரி மதகுப் பக்கம் போய் நின்றேன், ஐப்பசி மழையில் வயலெல்லாம் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது. திருநின்றவூரிலிருந்து வரவழைத்த ஒற்றை மாட்டு வண்டி வந்தது. இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு பாய்ச்சுருட்டு, அவர். அவ்வளவுதான். கூட வழியனுப்ப ஒரு நாய் இல்லை. நான் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தேன். வைத்த பிறகு பார்த்தால் மதகடியில் வேம்புலி மாடு கழுவிக்கொண்டிருக்கிறான். உடனே துண்டை எடுத்து வேர்வை துடைக்கிற மாதிரி முகத்தைத் துடைத்தேன், தூறலில் நின்றுகொண்டு வேர்வை துடைத்த மனிதன் இந்தத் தாலுக்காவிலேயே உன் நைனா ஒருவன்தான். வண்டி நின்றது. இன்னாய்யா திருவேங்கடம், நீயும் வேடிக்க பாக்க வந்தியா என்றார். நான் மரம் மாதிரி நின்றேன். வாயைத் திறந்தால் ஒரு பக்கம் அம்மன், ஒரு பக்கம் வேம்புலி. அம்மனையாவது கன்னத்தில் போட்டுக்கொண்டு சமாதானம் செய்யலாம். அப்போது அவர் குரலை இறக்கி, உன் சின்னப் பொண்ணு எப்பிடி கீது என்றார். தாட்சாயிணி, அதை அவர் கேட்காமல் போயிருக்கலாம். நான் தலையை ஆட்டினேன், மாடு ஈ ஓட்டுகிற மாதிரி, அதில் ஆமாம் என்றும் தெரியாது இல்லை என்றும் தெரியாது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷமாக நான் அவரைப் பார்த்த பார்வை அது, இவன் மனசில் என்ன இருக்கிறது என்கிற பார்வை. அப்புறம் வண்டிக்காரனிடம் ஓட்டு என்றார். இவனும் அவர்களில் ஒருவன் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார். தப்பாக நினைத்துவிட்டார் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

சாயங்காலம் எத்திராஜ் வீடு தேடி வந்து, முதல் தடவையாகச் சம்மந்தி என்று வாய் நிறையக் கூப்பிட்டார். மூஞ்சிக்கு நேரா நின்னு கேட்டும் ஒரு வார்த்த பேசலியாமே, வேம்புலி சொன்னான், நீதான் ஆம்பள என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். கல்யாணம் உறுதி என்று உன் அம்மா உடனே பாயசம் வைத்தாள். நானும் இரண்டு தம்ளர் குடித்தேன், குடிக்காமல் இருந்தால் சந்தேகப்படுவாள்.

நீ அங்கே குழந்தைக்குத் தண்ணீரைக் காய்ச்சாமல் கொடுக்காதே, மாப்பிள்ளை சிரித்தாலும் சிரிக்கட்டும். தை பிறக்கிறதுக்கு முன்னாலேயே கப்பலுக்குச் சொல்லி வைக்கச் சொல். பதில் எழுதும்போது முதலியார் பேச்சை எடுக்காதே, நான் வீட்டில் இல்லாத நேரத்தில் வந்தால் உன் காகிதத்தை அம்மா யாரைவிட்டுப் படிக்கச் சொல்வாளோ, அவர்கள் யாருடைய ஆளோ. இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் தீர்க்காயுசாக இருக்க அம்மன் காப்பாற்றட்டும், என் மேல் உள்ள கோபத்தை உங்கள் மேல் காட்டாமல்.

இப்படிக்கு உன் நைனா,
திருவேங்கடம்

ஓரத்தில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கிறது. வண்டிப் பக்கத்தில் நின்று வாய்க்குள்ளேயே சொல்லி நான் முழுங்கினது இதுதான். நல்லா கீதுங்க ஐயா. தை மாசம் அதுக்குக் கல்யாணம். நீங்க வந்து மொத அட்சத போடணும்.