ஒன்பதாம் ஜூரியின் நிழல்

பிப்ரவரி 3, திங்கள்

ஜூரி வேலைக்கு அழைப்பு வந்து, நகர மையத்து நீதிமன்றத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். காலையில் அந்தக் கூடம் தர்ம ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. ஒருவனுக்கு முதுகுவலி, ஒருத்திக்குப் படுத்த படுக்கையாய்க் கணவன், எல்லோருக்கும் தப்பித்து ஓட ஒரு காரணம். மதியம் வழக்கு எதுவென்று தெரிந்தது. மிட்ச் ஹாலரன் வழக்கு. ஒரே நிமிடத்தில் முதுகுகள் நிமிர்ந்தன, கணவன்மார்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

வருடக்கணக்காகக் காலை டிவியில் சிரித்துச் சிரித்து ஊருக்கெல்லாம் ஃபிரிட்ஜ் பரிசு கொடுத்தவன். தனக்கு மேக்கப் போட்ட பெண்ணை மலை மேலிருக்கும் தன் வீட்டு பால்கனியிலிருந்து தள்ளிக் கொன்றான் என்று வழக்கு. தானாக விழுந்தாள் என்கிறான் அவன். யெசெனியா சால்சிடோ, இருபத்தாறு வயது.

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

பிப்ரவரி 5, புதன்

துரத்திவிட்டார்கள். ஹாலரனின் வக்கீல் என்னிடம், "இந்த வழக்கைப் பத்தி டிவியில ஏதாவது பார்த்தீங்களா?" என்று கேட்டான். "பார்க்காம இருக்க நான் என்ன கல்லறைக்குள்ளயா குடியிருக்கேன்?" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள், நீதிபதி சிரிக்கவில்லை. ஆளுக்கு இத்தனை பேரைக் காரணம் சொல்லாமலே விலக்க வக்கீல்களுக்கு உரிமை உண்டு. நன்றி, போய் வாருங்கள் என்றுவிட்டான்.

நான் எழுந்த நாற்காலியில் யாரை உட்கார வைத்தார்கள்? என் வயசு. என்னைப் போலவே விவாகரத்து ஆனவள். நான் பல் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருந்தேன், அவள் கண் கிளினிக்கில். "எங்க வீட்டுல டிவியே கிடையாதுங்க" என்றாள். சொல்லும்போதே கண் ஹாலரன் பக்கம் ஓடியது. காலையிலேயே அழகு நிலையம் போய் முடியைச் செய்துகொண்டு வந்திருந்தாள் கழுதை. அவள் ஒன்பதாம் ஜூரி. உண்மை சொன்ன நான் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

பிப்ரவரி 12, புதன்

கெஸ்லர் என்று ஒருத்தி போன் செய்தாள். ஜூரிகளின் மனசைப் படிப்பதுதான் தொழிலாம். ஒவ்வொரு ஜூரிக்கும் அச்சாக ஒரு ஆளைப் பிடித்துப் பார்வையாளர் வரிசையில் உட்கார வைப்பார்களாம். சாயங்காலம் அவர்கள் மனதில் பட்டதைக் கேட்டால், உள்ளே இருக்கும் ஜூரி என்ன நினைக்கிறாள் என்று தெரிந்துவிடுமாம். இதற்குப் பெயர் நிழல் ஜூரி. நான் ஒன்பதாம் எண்ணின் நிழல். அந்தக் கழுதைக்கு நான் நிழலா?

"யாரு கூலி தர்றாங்க? அரசாங்க வக்கீலா, ஹாலரனா?" என்று கேட்டேன்.

"அதைச் சொல்ல மாட்டோம் கிளெண்டா. சொன்னா உங்க மனசு ஒரு பக்கமா சாஞ்சிடும்."

கிளினிக் வேலை போனதிலிருந்து நான் பார்க்காத சம்பளம். அதுவும் கோர்ட்டில் வேடிக்கை பார்க்க. கரும்பு தின்னக் கூலியா? சரி என்றுவிட்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

முதல் நாள். நிழல்களில் ஆர்லோ என்று ஒரு கிழவன், பழைய பஸ் டிரைவர். மாலை அறையில் வைத்திருந்த சாண்ட்விச்சைத் திறந்து பார்த்தான். "புகைபோட்ட சால்மன். அரசாங்கமா இருந்தா காஞ்ச பிஸ்கட்தான் வச்சிருப்பான். இது ஹாலரன் காசு" என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பெண்ணைக் கொன்றவனுக்காக கெஸ்லர் மாதிரி நல்ல முகமாக ஒருத்தி உட்கார்ந்திருப்பாளா?

நான் பேசினேன், கெஸ்லர் கேட்டாள். இரண்டு பெண்கள் ஒரு வார்த்தை விடாமல் தட்டச்சு செய்தார்கள். என் பழைய புருஷன் வேட் என்னோடு வாழ்ந்த காலமெல்லாம் சேர்த்து இவ்வளவு கேட்டதில்லை. வீட்டுக்கு வந்தும் சந்தோஷமாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

செத்த பெண்ணின் தாய் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அம்பாரோ சால்சிடோ. ஹோட்டலில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை. பக்கத்தில் மகன் எஃப்ரைன், மீசை வைத்த தடியன். பிணத்தின் படத்தைத் திரையில் காட்டியபோது அவள் தன் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, மகனின் கண்களைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். அவனும் குழந்தை மாதிரி அசையாமல் இருந்தான்.

மாலையில் இதைச் சொன்னேன். கெஸ்லருக்குக் கண் நிறைந்துவிட்டது. இவள் அரசாங்கப் பக்கம்தான், சந்தேகமே இல்லை.

ஒன்பது மணி டிவி நிகழ்ச்சியை நடத்தும் அந்த லிப்ஸ்டிக்காரி வழக்கம்போல இந்த வழக்கையே மென்றாள். இன்றைக்குப் புதுசாக ஒன்று: மகள் சாவுக்குத் தாய் டிவி கம்பெனியிடம் கோடிக்கணக்கில் கேட்கிறாளாம்.

பிப்ரவரி 25, செவ்வாய்

நேற்று ஹாலரனின் பக்கத்து வீட்டுக்காரி வந்து, அலறல் கேட்டது என்று சாட்சி சொன்னாள். நம்புகிறேன் என்று மாலையில் சொன்னேன். இரவே டிவியில் அவள் எப்போதோ குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பிடிபட்ட படம். இன்று அவளை மறுபடி கூண்டில் ஏற்றியபோது ஒன்பதாம் எண் உதட்டைச் சுழித்தாள். டிவி பார்க்காதே என்று நீதிபதி தினமும் ஓதுகிறார். டிவியே இல்லாத வீட்டுக்காரி அல்லவா அவள்.

ஆர்லோ வெளியே வந்து சிகரெட்டைப் பற்ற வைத்தான். "நாம சாயங்காலம் எதை நம்புறோமோ, ராத்திரி அது மேல சேறு விழுது. கவனிச்சியா?"

"உனக்கு வயசாயிடுச்சு ஆர்லோ."

"ஆயிடுச்சுதான். அதுக்காகக் கண்ணு போயிடல."

மார்ச் 3, திங்கள்

ஒன்பதாம் எண் முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். என்னுடைய அதே நீளம். சனியன்.

மார்ச் 6, வியாழன்

செத்தவள் குடும்பத்தோடு பேசக்கூடாது என்பது ஜூரிகளுக்குத்தான் சட்டம். நான் ஜூரியா என்ன? இடைவேளையில் தாழ்வாரத்து பெஞ்சில் அம்பாரோ பக்கத்தில் உட்கார்ந்தேன். பப்பூசா இரண்டு வைத்திருந்தாள், பாலாடைக்கட்டி அடைத்த சோள ரொட்டி. கேட்காமலே ஒன்றைப் பிய்த்து என் கையில் வைத்தாள்.

"தினமும் வர்றீங்களே. உங்களுக்கு வேலை கிடையாதா?"

"வேலை போயிடுச்சு. உங்க பொண்ணுக்காகத்தான் வர்றேன்." பாதி உண்மை.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். யெசெனியா பதினேழு வயதில் மாத்திரைகளை அள்ளி விழுங்கினாளாம்.

"ஆஸ்பத்திரிக்குக்கூடக் கொண்டு போகல. அப்ப எங்களுக்குக் காயிதம் கிடையாது. போனா பிடிச்சு நாடு கடத்திடுவானோன்னு பயம். எஃப்ரைன்தான் தொண்டைக்குள்ள விரல விட்டு வாந்தி எடுக்க வச்சான். எனக்கும் அவனுக்கும் தவிர யாருக்கும் தெரியாது."

"அரசாங்க வக்கீல்கிட்ட சொன்னீங்களா?"

"எதுக்கு? சொன்னா எம் புள்ளய பைத்தியம்னுடுவான். அதுக்கப்புறம் அவ நல்லாத்தான இருந்தா. சிரிச்சா, சம்பாதிச்சா. உங்ககிட்ட ஏன் சொன்னேன்னு தெரியல. கூடப் பொறந்தவ மாதிரி இருக்கீங்க."

மார்ச் 7, வெள்ளி

சொல்லலாமா? அரசாங்க வக்கீலுக்குத் தெரிந்திருந்தால் நல்லதுதானே? எதிர்ப்பக்கம் மோப்பம் பிடிப்பதற்குள் தயாராக இருப்பானே. அம்பாரோவுக்கு விவரம் போதாது. அவளுக்காக யாராவது யோசிக்க வேண்டாமா?

இரவு — சொல்லிவிட்டேன். "வேற ஏதாவது இருக்கா கிளெண்டா?" என்று கெஸ்லர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அப்படிக் காத்திருக்கும் ஒருத்தி முன்னால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. என் மணிக்கட்டில் கை வைத்து, "பெரிய உதவி பண்ணியிருக்கீங்க" என்றாள்.

மார்ச் 10, திங்கள்

ஒன்பது மணி. லிப்ஸ்டிக்காரி இழவு வீட்டு முகத்தோடு வந்தாள். பதினேழு வயது, மாத்திரை, எல்லாம். 'குடும்பத்துக்கு மிக நெருக்கமான ஒருவர்' சொன்னாராம்.

நான்தானா அது? ஐயோ, நான்தானா?

மார்ச் 11, செவ்வாய்

அம்பாரோவைக் கூண்டில் ஏற்றினான் ஹாலரனின் வக்கீல். குரல் வெண்ணெய்.

"அம்மா, சத்தியம் பண்ணியிருக்கீங்க. உங்க பொண்ணு ஏற்கெனவே ஒரு தடவை சாகப் பார்த்தாளா, இல்லையா?"

அவள் கழுத்துச் சிலுவையைப் பிடித்தாள். இல்லை என்று சொல்லிவிடு, யாரால் நிரூபிக்க முடியும் என்று நான் உள்ளே கதறிக்கொண்டிருந்தேன். கடவுள் மேல் ஆணையிட்டபின் அவளுக்குப் பொய் வராது. "ஆமா" என்றாள். பிறகு எஃப்ரைனைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புரியவில்லை. ஒன்பதாம் எண் மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

மாலையில் கெஸ்லரிடம் கத்தினேன். "நீ எந்தப் பக்கம்டீ? சொல்லு."

குரலை உயர்த்தவே இல்லை அவள். "சொல்ல மாட்டோம்னு முதல்லயே சொன்னேன். நீங்க சரின்னீங்க. உட்காருங்க. அந்தம்மா 'ஆமா'ன்னப்ப உங்களுக்கு என்ன தோணுச்சு?"

உட்கார்ந்தேன். என்ன ஜென்மம் நான்? உட்கார்ந்து பதிலும் சொன்னேன். "குதிச்சிருப்பாளோன்னு ஒரு நொடி தோணிச்சு." அந்தப் பெண்கள் தட்டச்சு செய்தார்கள். ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுத அழுகையைக் கண்ணீர் என்று நம்பியவள் நான்.

மார்ச் 12, புதன்

போகவில்லை. ஆர்லோ போன் செய்தான். எடுக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

குற்றவாளி அல்ல.

ஹாலரன் படிக்கட்டில் நின்று கேமராக்களுக்கு முத்தம் பறக்கவிட்டான். ஒரு கூட்டம் கை தட்டியது. ஒன்பது மணி நிகழ்ச்சியில் புது உடுப்போடு ஒன்பதாம் எண். "பெத்த தாயே ஆமான்னதும், குதிச்சிருப்பாளோன்னு தோணிச்சு. சந்தேகம்னு வந்துட்டா விட்டுடணும்ல?" என்றாள். என் வாயிலிருந்து எடுத்துப் பேசியது போல இருந்தது. காலணியைக் கழற்றி டிவி மேல் எறிந்தேன். டிவிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஏப்ரல் 2, புதன்

கெஸ்லர் பேசினாள். மே மாதம் ஒரு கால்பந்து வீரன் வழக்கு வருகிறதாம். "ஒன்பதை அப்படியே பிடிச்சீங்க. உங்களை மாதிரி ஒருத்தர் எங்களுக்குக் கிடைச்சதில்ல." போனை வைத்துவிட்டேன். வைப்பதற்கு முன் தேதியைக் கேட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அம்பாரோ சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். கடையில் ஒரு ஆப்பிள் பை வாங்கிக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் போகும்போதே முடிவு செய்திருந்தேன்.

ஒரே அறை வீடு. சுவரில் யெசெனியா சிரித்துக்கொண்டிருந்தாள். எஃப்ரைன் எங்கே என்று கேட்டேன்.

"தொரத்திட்டேன்" என்றாள், பீன்ஸ் சூப்பைக் கிண்டிக்கொண்டே. "எனக்கும் அவனுக்கும்தான் தெரியும். நான் சொல்லல. அப்ப டிவிக்காரனுக்கு வித்தது யாரு? கால்ல விழுந்து அழுதான். எந்த மூஞ்சியோட அழுறேன்னு கேட்டேன். இப்ப டயர் கடை வாசல்ல கார்லயே படுத்துக்கிறானாம். கெடக்கட்டும். கூடப் பொறந்தவள வித்துத் தின்னவன்."

என்னிடம் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. அதையும் அவளே சொன்னாள். "உங்ககிட்டயும்தான் சொன்னேன். நாலு நாள்ல வெளிய வந்துச்சு. உடனே புத்தி உங்க மேலயும் போச்சு. அப்புறம் வெக்கமாயிடுச்சு. எம் புள்ளைக்காகத் தினமும் வந்து உட்கார்ந்த மனுஷிய நினைச்சேனேன்னு சர்ச்சுல போயி மன்னிப்பு கேட்டேன்."

வாயைத் திறந்தேன். சூப் நன்றாக இருக்கிறது என்றேன்.

இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினாள். மிச்சத்தை டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்தாள். வாசல் வரை வந்து என் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டு, "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவனுக்காகப் பரிஞ்சு பேச மட்டும் எங்கிட்ட வந்துடாதீங்க" என்றாள்.

பேச மாட்டேன் என்றேன்.