ஷோபா மேடம் படிக்காத பக்கங்கள்

பேகம்பேட்,
16 ஜூன் 2025, திங்கள்

அன்புள்ள ரமா அக்காவுக்கு,

கரோலின் எழுதுவது. லீவு முடிந்து உங்கள் ரஷ்மியும் நானும் நான்காம் வகுப்பு 'பி' பிரிவுக்கு வந்துவிட்டோம். அவளும் பாஸ், நானும் பாஸ். பள்ளிக்கும் வீட்டுக்கும் போய்வரும் இந்த டயரியைப் போன வருடம் போலவே தமிழில்தான் நிரப்பப் போகிறேன். பிள்ளையோடு வகுப்பில் கூடவே உட்காரும் ஷேடோ டீச்சரும் பெற்றோரும் போனில் பேசக்கூடாது, எல்லாம் டயரியில்தான் என்று சட்டம் போட்டவர் நம் கோ-ஆர்டினேட்டர் ஷோபா மேடம். தினமும் மூன்று மணிக்கு வாங்கிப் பார்க்கிறார். மேலே இரண்டு வரி இங்கிலீஷ் இருந்தால் போதும். கீழே உள்ள தமிழைப் பார்த்து, "ஏமிடி இதி, ஜிலேபியா?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிடுகிறார். ஜிலேபி எழுத்தைப் பற்றி ஒரு தெலுங்கு அம்மா பேசுவதை நினைத்து நானும் சிரித்துக்கொள்கிறேன்.

ரஷ்மி நன்றாக இருக்கிறாள். இன்று கணக்கு வகுப்பில் எழுந்து நின்று, மெட்ரோ ரயில் பெண் குரலிலேயே, கதவுகள் இடது பக்கம் திறக்கும் என்று மூன்று மொழிகளிலும் அறிவித்தாள். புது டீச்சர் பயந்தே போனார். "வெளியே போகணுமாம் மேடம்" என்று நான்தான் மொழிபெயர்த்தேன். கேட்டதைக் கேட்ட குரலிலேயே வைத்திருந்து, தனக்குத் தோன்றும்போது திருப்பிக் கொடுப்பவள் அல்லவா? ஆயாம்மா வேண்டாம் என்பதற்குச் சொல்லும் "நக்கோ"வைக்கூட அதே இழுப்போடு சொல்கிறாள்.

இப்போது என் செய்தி. சென்னையில் ஒரு கல்லூரியில் ஸ்பெஷல் எஜுகேஷன் பி.எட். இடம் கிடைத்திருக்கிறது அக்கா. இரண்டு வருடம். முடித்தால் நான் முழு டீச்சர். இந்தப் பள்ளியில் நான்கு வருடம் ஓட்டியும் வருகைப் பதிவேட்டில் என் பெயர் கிடையாது. ஏப்ரலில் போ என்கிறார்கள், ஜூனில் வா என்கிறார்கள். ஜூலை ஐந்துக்குள் கல்லூரிக்கு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் போய்ச்சேர வேண்டும். ஷோபா மேடத்திடம் கேட்டால் "சூஸ்தானு" என்கிறார், பார்க்கிறாராம். என் பேச்சு அவர் காதில் ஏறாது, பெற்றோர் சொன்னால் ஏறும். ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஜூலை முழுக்க இருந்து, புதிதாக வருபவரை ரஷ்மிக்குப் பழக்கிவிட்டுத்தான் போவேன்.

அன்புடன்,
கரோலின்

---

பாலாநகர்,
17 ஜூன்

அன்புள்ள கரோலினுக்கு,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே படித்தேன். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியவில்லை, பருப்பு கூழாகிவிட்டது. இவ்வளவு பெரிய செய்தியைக் காலையில் பள்ளிக் கேட்டில் பார்க்கும்போது முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாமே! அங்கே சிரித்துக் கையாட்டிவிட்டு இங்கே எழுதியிருக்கிறாய்.

சந்தோஷமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. இரண்டையும் மறைக்கவில்லை. நீ வருவதற்கு முன்னால் ஒரே வருடத்தில் மூன்று பேர் வந்து ஓடினார்கள். ரஷ்மி கடித்த பிறகும் மறுநாள் வந்தவள் நீ ஒருத்திதான். ஷேடோ இல்லையென்றால் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று பள்ளியில் சொல்லிவிடுவார்கள். இவர் ஒடிசாவில் இருக்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து, இவள் ஏன் என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள் என்று என்னைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார்.

அது இருக்கட்டும். ஷோபாவிடம் பேசுகிறேன். கவலைப்படாதே.

உன்
ரமா அக்கா

---

பேகம்பேட்,
25 ஜூன், புதன்

அன்புள்ள அக்கா,

இன்று தீயணைப்புப் பயிற்சி. முன்கூட்டிச் சொல்லுங்கள் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தேன், சொல்லவில்லை. சைரன் அடித்ததும் ரஷ்மி பெஞ்சுக்கு அடியில் போய்விட்டாள். நானும் போனேன். நாற்பது நிமிடம் இருவரும் அங்கேயே இருந்தோம். அவள் என் துப்பட்டாவின் ஓரத்தை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் மிச்சம் எல்லோரும் மைதானத்துக்குப் போய்த் திரும்பி வந்து, பாடத்தையும் ஆரம்பித்துவிட்டார்கள். எங்களை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு வெட்கக்கேடான விஷயம் சொல்கிறேன், சிரிக்கக்கூடாது. நான் காலையில் தண்ணீரே குடிப்பதில்லை. பாத்ரூம் போக வேண்டுமானால் அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், ஆள் கிடையாது. மூன்று மணி வரை அப்படியே இருக்கப் பழகிவிட்டேன். போன மாதம் டாக்டர் திட்டினார். இருபத்தெட்டு வயதில் இப்படி உட்கார்ந்திருந்தால் நாற்பதில் என்ன ஆவேன்? அதனால்தான் சென்னை. ரஷ்மியை விட்டு ஓடுகிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

சர்டிபிகேட் இன்னும் வரவில்லை. ஷோபா மேடம் என்னைப் பார்த்தாலே போனைக் காதில் வைத்துக்கொள்கிறார். பேசினீர்களா?

கரோலின்

---

பாலாநகர்,
26 ஜூன்

அன்புள்ள கரோலினுக்கு,

நான் சிரிக்கவில்லையம்மா. அழுகைதான் வந்தது.

ஷோபாவிடம் பேசிவிட்டேன். ஃபைல் மேலே போயிருக்கிறதாம். கொஞ்சம் இழுக்கும் போலிருக்கிறது. இந்த வருடம் தவறினாலும் அடுத்த வருடமும் கல்லூரி அங்கேயேதான் இருக்கும், இல்லையா? நீ பொறுமைசாலி.

என் வேலையைப் பற்றி உனக்கு நான் சொன்னதே இல்லை. கம்பெனியில் சர்க்யூட் போர்டை லென்ஸுக்கு அடியில் வைத்து, சால்டரிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஏழு வருடம் வீட்டுக்குள் கிடந்துவிட்டுப் போனவளுக்கு அது சொர்க்கம். அந்த ஆறு மணி நேரம் யாரும் என் கையைப் பிடித்து இழுப்பதில்லை. அது உன்னால் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வீட்டுக்கு வா. உனக்குப் பிடித்த வற்றல்குழம்பு வைக்கிறேன்.

ரமா அக்கா

---

பேகம்பேட்,
2 ஜூலை, புதன்

அக்கா,

இன்று சாப்பாட்டுக்குப் பிறகு ரஷ்மிக்குக் கை கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன். குழாயைப் பார்த்துக்கொண்டே அவள் பேசினாள். "ஆ அம்மாயிகி சர்டிபிகேட் இப்புடே இவ்வொத்து மேடம். ப்ளீஸ். மார்ச் தாக்கா ஆபண்டி." அந்தப் பெண்ணுக்கு சர்டிபிகேட் இப்போது கொடுக்க வேண்டாம், மார்ச் வரை நிறுத்தி வையுங்கள்.

இரண்டாவது முறையும் சொன்னாள். தெலுங்கில் பேசும்போது "ப்ளீஸ்" என்பதற்கு முன்னால் நீங்கள் ஒரு மூச்சு இழுப்பீர்களே, அந்த மூச்சையும் இழுத்தாள்.

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. நீங்களே சொல்லுங்கள்.

கரோலின்

---

பாலாநகர்,
3 ஜூலை

கரோலின்,

சொன்னேன். போன மாதம் பத்தொன்பதாம் தேதி, துணி மடித்துக்கொண்டே போனில் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து பட்டன்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் எதையும் பேசக்கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் நான். அன்றைக்கு மறந்துபோனேன். அவள் கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெற்ற நானே அவளை அறையில் ஆள் இல்லாத மாதிரி நினைத்துவிட்டேன், அது வேறு என்னைக் குத்துகிறது.

உன்னிடம் நேராக "போகாதே" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் நீ மறுத்துவிடுவாய், மறுத்தால் மறுநாள் கேட்டில் உன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று பயந்தேன். மறுபடி அந்த வீட்டுக்குள், ஜன்னலுக்கெல்லாம் பூட்டுப் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை என்னால் முடியாது கரோலின். அந்தப் பயத்தில் உன் வாழ்க்கையில் கை வைத்துவிட்டேன். நியாயம் ஒன்றும் சொல்லவில்லை. தப்புதான்.

காலையில் ஷோபாவை நேரில் பார்த்துச் சொல்லிவிடுகிறேன். இன்றே கொடுத்துவிடுவார். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. கூரியரில் அனுப்பு, இல்லையென்றால் ரயில் ஏறி நீயே கொண்டுபோய்க் கொடுத்துவிடு. ரஷ்மியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

முடிந்தால் மன்னித்துவிடு.

ரமா

---

பேகம்பேட்,
4 ஜூலை 2025, வெள்ளி

ரமா அக்காவுக்கு,

சர்டிபிகேட் வந்துவிட்டது. கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் இனி அதற்கு வேலை இல்லை.

திங்கட்கிழமை நடந்ததை நான் டயரியில் எழுதவில்லை, நேரில் சொல்ல வைத்திருந்தேன். இடைவேளையில் ரஷ்மி டிபன் பாக்ஸைத் திறந்தாள். ஓர் இட்லியை எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டு, "கரோலினுக்குப் பசிக்குது" என்றாள். யார் குரலும் இல்லை, அவளுடைய குரல். அந்த வகுப்பறையில் எனக்குப் பசிக்கிறதா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, அதனால் அவள் யாரிடமிருந்தும் அதை எடுத்திருக்க முடியாது. நான் இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டே அழுதேன். அவளுக்கு அழுகைச் சத்தம் பிடிக்காது, காதைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் சென்னைக்குப் போன் செய்து, இந்த வருடம் வரவில்லை, என் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். யாரும் வற்புறுத்தவில்லை, நானாகத்தான் சொன்னேன். புதன்கிழமை மூன்று மணிக்கு, உங்களைக் கேட்டில் நிறுத்தி, "அக்கா, இருக்கிறேன்" என்று சொல்ல நினைத்திருந்தேன். உங்கள் முகம் எப்படி மலரும் என்று மெட்ரோவில் வரும்போதே நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தேன். அன்று மத்தியானம்தான் ரஷ்மி குழாயடியில் பேசினாள்.

இன்று மறுபடி போன் செய்து கெஞ்சினேன். இடம் போய்விட்டதாம்.

ஆக, நீங்கள் கேட்ட மார்ச் வரை நான் இங்கேதான். அன்பினால் இருக்கிறேன் என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் "இரு" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும் அக்கா. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, உங்கள்மேல் இரக்கமும் இருக்கிறது. மன்னிப்பு இன்னும் வரவில்லை. வரும்போது சொல்கிறேன், வந்த மாதிரி நடிக்க எனக்குத் தெரியாது.

இனி இந்த டயரியில் தமிழில் எழுத மாட்டேன். சாப்பிட்டாளா, அழுதாளா, எத்தனை வரி எழுதினாள் என்பது ஷோபா மேடம் படிக்கிற மொழியில் இருக்கும். நீங்களும் பதில் எழுத வேண்டாம், கையெழுத்து மட்டும் போதும்.

திங்கட்கிழமை எட்டரை மணிக்குக் கேட்டில் நிற்பேன். ரஷ்மியை என்னிடம் விட்டுவிட்டு நீங்கள் வேலைக்குப் போங்கள்.

இப்படிக்கு,
கரோலின் சாம்ராஜ்
ஷேடோ டீச்சர், நான்காம் வகுப்பு 'பி'