முப்பத்தாறு டிகிரி

மார்ச் 3
தகுதிகாண் காலம் முடிய இன்னும் இருபத்தைந்து நாள். இன்று மேலாளர் ஒரே ஒரு வேலை கொடுத்தார். முகத்தில் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. அதனால் நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பூஜ்ஜியம்.

சுளுக்குக்கு ஒற்றடம் வைக்கும் குளிர்ப்பை செய்கிறோம். அழுத்தினால் உள்ளே தண்ணீர்ப் பை உடையும், யூரியா கரையும், கரையும்போது வெப்பத்தை உறிஞ்சும். எத்தனை டிகிரி குளிரும் என்று நான் கணக்குப் போட வேண்டும். அது அட்டைப்பெட்டியில் அச்சாகும். வேலை நிலைப்பதும் நிலைக்காததும் அதில் இருக்கிறது.

பேருந்திலேயே போட்டுவிட்டேன். அறுபது கிராம் யூரியா பதினைந்தாயிரம் ஜூல் உறிஞ்சும். ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி குளிர 4.2 ஜூல். தண்ணீர் நூறு கிராம். வகுத்தால் முப்பத்தாறு.

மார்ச் 4
கொடுத்தேன். பூஜ்ஜியம் “சரிபார்த்தேன்” என்று கையெழுத்துப் போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 6
பத்துப் பைகளை உடைத்துப் பார்த்தேன். முப்பதிலிருந்து பத்துக்கு இறங்குகிறது. இருபதுதான். மீதிப் பதினாறு எங்கே? வெப்பமானியைச் சந்தேகப்பட்டேன். கிடங்குக்காரரிடம் யூரியாவைக் குறை சொன்னேன். “யூரியா நல்ல யூரியாதாம்மா. உங்க கணக்கப் பாருங்க” என்றார். பார்த்தேன், ஏழு தடவை. ஏழு தடவையும் முப்பத்தாறு. என்ன செய்ய?

மார்ச் 8, ஞாயிறு
அண்ணி பள்ளியில் ஓட்டப் பயிற்சி கொடுப்பவள். பிள்ளைகளுக்கு ஓடிக் காட்டப்போய்க் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். என் பையை வைத்து, கணக்கையும் சொன்னேன்.

“சுகமாத்தான் இருக்கு. ஆனா உன் கணக்குப்படி என் கால் விறைச்சுப் போயிருக்கணுமே.”

முப்பதில் முப்பத்தாறு போனால் பூஜ்ஜியத்துக்குக் கீழே ஆறு. இதைக்கூட நான் கழித்துப் பார்க்கவில்லை.

“அதுசரி, நூறு கிராம் தண்ணின்னியே. ஏன் இவ்ளோ கனம்?”

“யூரியாவும் இருக்குல்ல அண்ணி” என்று சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். கரைந்த யூரியாவும் தண்ணீரோடு சேர்ந்துதானே குளிர வேண்டும்? நூறு இல்லை, நூற்று அறுபது. அண்ணியின் கட்டுத்துணி உறையிலேயே வகுத்தேன். இருபத்திரண்டு.

மார்ச் 9
நாளை அச்சு. வாயை மூடிக்கொண்டால் பொய் அச்சாகும், திறந்தால் வேலை போகும். போய்ச் சொல்லிவிட்டேன். பூஜ்ஜியம் என் தாளைப் பார்த்தார், தன் கையெழுத்தைப் பார்த்தார். முகம் முதன்முறையாக இறங்கியது. அச்சகத்தை அவரே அழைத்து நிறுத்தச் சொன்னார்.

“இருபத்திரண்டுன்னா, அளந்தப்ப இருபதுதானே வந்துச்சு? ரெண்டு எங்க போச்சு?”

“போகல சார், வந்துச்சு. பையைக் கையில பிடிச்சுக் குலுக்கினேன். என் கைச்சூடு.”

துணி சுற்றிக் குலுக்கினோம். இருபத்தொன்று. தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 28
கடைசி நாள். வேலை உண்டு என்றோ இல்லை என்றோ கடிதம் எதுவும் வரவில்லை. அண்ணி நடக்கிறாள்.

மார்ச் 30
யாரும் வராதே என்று சொல்லவில்லை, அதனால் போனேன். மேசையில் புது அட்டைப்பெட்டி: “வெப்பநிலை 20 டிகிரி குறையும்.” பக்கத்தில் ஒரு தாள். அடுத்தது சூட்டுப்பையாம், கால்சியம் குளோரைடு கரைந்து வெப்பம் விடும். கணக்கு பூஜ்ஜியத்தின் கையெழுத்தில். கீழே “சரிபார்த்தவர்” என்று என் பெயர் தட்டச்சாகியிருந்தது. பதவிக்கு முன்னால் இத்தனை நாள் இருந்த “தற்காலிக” இல்லை.

இரண்டு முறை படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்கைப் பார்த்தேன். நிறை என்ற இடத்தில் தண்ணீரை மட்டும் போட்டிருக்கிறார்.

சிவப்புப் பேனாவைத் தேடினேன்.