பொனட்டின் சூடு

2014 ஜனவரி 12
சிலாபத்தில் ஒரு பழைய பிக்கப் பார்த்தேன். விற்கிறவர் பேசி முடிக்குமுன் பொனட்டில் கை வைத்தேன். சுட்டது. நான் வருமுன்பே ஓடவிட்டிருக்கிறார். சூடான எஞ்சின் எல்லாமே நல்லபிள்ளைதான். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்துவிட்டு விடியலில் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. திரும்பி வந்துவிட்டேன்.

ஜனவரி 15
என்னுடைய பிக்கப் இன்று விடியலிலும் ஸ்டார்ட் ஆக மறுத்துவிட்டது. இரண்டு தரம் சாவியைத் திருப்பினால் பெற்றோல் மிஞ்சி எஞ்சின் நனைந்துபோகிறது. பிளக்கைக் கழற்றித் துடைத்து, காயவிட்டு, மதுரங்குளிக்கு என் நாற்றுப்பண்ணைத் தென்னம்பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வெயில் ஏறிவிட்டது. பார்த்த கராஜ்காரர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். ஒருவரையும் நம்பவில்லை.

ஜனவரி 19
நிக்கொலஸ் என்பவரின் பிக்கப். "தொட்டுப் பாருங்க நோனா, குளிர்ந்துதான் கிடக்கு" என்று அவரே சொன்னார். ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. என்னுடையதை விற்றால்தான் வாங்கலாம். மாத முடிவுவரை வைத்திருப்பாராம்.

ஜனவரி 25
என்னுடைய பிக்கப்பைப் பார்க்கக் கரைத்தீவிலிருந்து நபீலாவும் கணவர் மர்ஸூக்கும் வந்தார்கள். இடியப்பம் அவித்து விடியலில் கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். கடை திறக்குமுன் போகாவிட்டால் யாரும் வாங்கமாட்டார்களாம்.

மர்ஸூக் பொனட்டில் உள்ளங்கையை வைத்தார். உடனே எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நான் நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன்.

விற்றாயிற்று.

எழுதாமல் விடப் பார்த்தேன் — அவர்கள் வருமுன் முற்றத்தில் ஓடவிட்டுத்தான் வைத்திருந்தேன். கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா?

இல்லை.

ஜனவரி 27
விடியலில் போன் அடித்தது. நபீலாவின் இலக்கம். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. தலையணைக்குக் கீழே வைத்தேன். கம்பஸில படிச்ச மனிசி, ஒரு போனைத் தலகாணிக்குக் கீழ ஒளிக்கிறாய். வெக்கமில்லையா உனக்கு?

ஜனவரி 28
இன்றும் அடித்தது.

ஜனவரி 29
காசை எடுத்துக்கொண்டு கரைத்தீவுக்குப் போனேன். சூடாக்கி வைத்ததைச் சொன்னேன், பிக்கப்பைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் சொன்னேன். ஏசுவார்கள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் லேசு.

"இவர் அண்டைக்கே சொன்னார், பொனட் சுடுதெண்டு" என்றாள் நபீலா. "மிஸ் எங்கயாவது போயிட்டு வந்திருப்பாங்க, அவங்களப் போய்ச் சந்தேகப்படுறீங்களே எண்டு நான்தான் ஏசினேன்."

மர்ஸூக் காசை எண்ணாமலே சட்டைப்பைக்குள் வைத்தார். "எனக்கு பொனட் சொன்னிச்சி மிஸ். இவக்கு உங்கட முகம் சொன்னிச்சி."

நிக்கொலஸின் பிக்கப்பைப் பற்றிச் சொன்னேன். அவருடைய இலக்கத்தையும் கொடுத்தேன். சாப்பிடாமல் போகவிடவில்லை. தட்டில் வந்தது கடைக்குப் போகாத இடியப்பம். மூலையில் பெட்டிபெட்டியாக இன்னும் இருந்தது. எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

பெப்ரவரி 8
நிக்கொலஸின் பிக்கப்பை அவர்கள் வாங்கிவிட்டார்கள். கூடுதல் காசுக்குத் தவணையாம். எனக்கு விடியலில் போன் வருவதில்லை.

நாளைக் காலை என்னுடையதைப் பார்க்க முன்னேஸ்வரத்திலிருந்து ஒருவர் வருகிறார். பெற்றோல் மிஞ்சும் கதையைச் சொல்லத்தான் வேண்டும். சொல்வேன் என்று இப்போது தோன்றுகிறது. காலையில் என்ன தோன்றுமோ.

பிக்கப் சாவியைப் பக்கத்து வீட்டு அனஸ்தாசியாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த மனிதர் வந்து பொனட்டைத் தொட்டுப் பார்க்குமுன், நான் கெஞ்சிக் கேட்டாலும் தரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.