மலையிலிருந்து இறங்கி வருவது பற்றி

வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உள்ளதை எழுது, மகன் சொல்லிக்கொடுப்பதை எழுதாதே.

இந்தப் பனிக்காலத்திலும் நம் ஊர் வெக்கை தாங்காமல் ஆட்கள் மலையேறி வருவதால், நான் காவல் பார்க்கும் விடுதியில் ஓர் அறைகூடக் காலியில்லை. நேற்று ஓர் அம்மாள், "ஐயா, ஃபேன் சுவிட்ச் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"குளிரத் தேடி வந்துட்டு ஃபேனக் கேக்குறீங்களேம்மா."

"காத்துக்கு இல்லைங்க. அந்தச் சத்தம் இல்லாம தூக்கமே வரல."

அலுவலக அறையில் கிடந்த மேசை விசிறியைத் தூக்கிப் போய், சுவரைப் பார்க்கத் திருப்பி ஓடவிட்டேன். நன்றாகத் தூங்கினாராம். எனக்கும் இங்கே சரியான தூக்கமில்லை. எந்தச் சத்தம் இல்லாமல் என்று எழுதினால், "நான் எங்க குறட்டை விடுறேன்?" என்று சண்டைக்கு வருவாய்.

விசிறியைத் தூக்கியதில் இடுப்பு லேசாகப் பிடித்திருக்கிறது. மகனிடம் சொல்லாதே. "இந்த வயசுல வேலை எதுக்கு, இறங்கி வாங்கப்பா" என்று மறுபடி ஆரம்பிப்பான். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் சைக்கிள் கடையை வாடகைக்கு விட்டவன் அவன். அவன் கூப்பிட்டு நான் இறங்கி வருவதாக இல்லை.

இடுப்புக்குத் தைலமும், அலமாரியில் இருக்கும் என் கம்பளிக் குல்லாவும் வேண்டும். தபாலில் அனுப்பாதே. கூட்டம் குறைந்ததும் எனக்கு ஒரு நல்ல அறை தருவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். பேருந்து விடுதி வாசல்வரை வருகிறது.

யாரோ மணி அடிக்கிறார்கள், போக வேண்டும். நான் இறங்க மாட்டேன். நீ ஏறி வா.