முக்குக் கடைக் காளான்

ஆடி 14, புதன்

விடியலிலிருந்து சாரல். துணி காயவில்லை.

நேற்று காளான் வெந்தபோது அடுக்களையில் இருந்தவர்கள்: நான், அவர், மகள் வள்ளி. வேறு ஆள் இல்லை. ருசி பார்த்தவர்கள்: யாருமில்லை.

நேற்று ஆடிச் செவ்வாய். எனக்கு விரதம், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. அவர் ஆடி முழுக்கத் தம் பார் கடைக்குப் போகும் பண்டம் எதையும் தொடமாட்டார். வள்ளிக்குக் காளான் வாடையே ஆகாது. உப்பைக் கண்ணளவில் போட்டு, கேரியரில் அடைத்துக் கடைக்கு அனுப்பியாயிற்று. விரத நாளில் ஈரல், முட்டை, சுண்டல் எல்லாம் இப்படித்தான் போகும். இத்தனை வருஷத்தில் ஒன்றும் ஆனதில்லை. காளான் வேறு சங்கதி என்று நேற்று தோன்றாமல் போயிற்று.

மறந்துவிடக் கூடாதென்று எழுதிவைக்கிறேன். வழக்கமாகக் குத்துக்கல்வலசை விலக்கு ரோட்டில் உட்காரும் பேச்சியிடம்தான் வாங்குவேன். புற்றிலிருந்து நீள வேரோடு பிடுங்கி வருவாள். அந்த வேர்தான் நல்ல காளானுக்கு அடையாளம். நேற்று பேச்சி இல்லை. அவள் இடத்தில் வேறொருத்தி. வேரை நறுக்கி, கழுவி, தேக்கிலையில் பரப்பி வைத்திருந்தாள். "எல்லாம் புத்துக் காளாந்தான் தாயி. ஒரே மண்ணா இருக்கேன்னு நறுக்கிப் போட்டேன்" என்றாள். மழை வலுத்தது, வாங்கிவிட்டேன். வீட்டில் மஞ்சள் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், கறுக்கவில்லை. அம்மாவும் அப்படித்தான் பார்ப்பாள்.

காலையில் தோசை வார்க்கும்போது, கடையைப் பற்றி ஜனங்கள் போனில் எழுதுவதை வள்ளி வாசிப்பாள். அந்த பாருக்குள் நான் ஒருநாளும் கால் வைத்ததில்லை. குடை பிடித்துக்கொண்டு எதிர்ச்சாரியில் போய்விடுவேன். உள்ளே எப்படி இருக்கும் என்பது ஜனம் எழுதித் தெரிந்துகொண்டதுதான். மாமனார் காலத்து ஓட்டுக் கட்டடம், மரப் பெஞ்சு, டிவி கிடையாது. "தென்காசியில நிம்மதியா உக்காந்து பேச இந்த முக்குக் கடை ஒண்ணுதான்" என்று ஒருத்தர். "பெஞ்சு ஆடுது, பாத்ரூம் பக்கம் போயிராதீங்க" என்று அடுத்தவர். "ஓனர் விபூதிப் பட்டை போட்டுக்கிட்டு ஹெட்மாஸ்டர் மாதிரி முறைக்காரு, ரெண்டாவது குவாட்டர் கேக்கவே பயமா இருக்கு" என்று ஒன்று. அதை வாசித்த அன்று அவரே சிரித்துவிட்டார்.

நேற்று ராத்திரி வந்தவை இரண்டு.

ஐந்து நட்சத்திரம்: "காளான் மிளகு வறுவல் வேற லெவல். சமைச்ச கைக்குத் தங்கக் காப்பு போடலாம்."

இரண்டு நட்சத்திரம்: "பழைய கடைன்னு குற்றாலத்துல சொன்னாங்க, வந்தோம். காளான் கசப்பு. சாப்பிட்டதுலேருந்து வாய் ஒரு மாதிரி இருக்கு." பெயர் இல்லை. மதுரைப் பயணி என்று மட்டும்.

தோசை கருகிவிட்டது.

அவரிடம் சொன்னேன். "குடிக்கவன் நாக்குக்குப் பாயாசமும் கசக்கும்ட்டி. வேலையப் பாரு."

வேலையைப் பார்த்தேன். வாங்க வேண்டியது: வத்தல், நல்லெண்ணெய், திரி. கந்த சஷ்டி சொல்லும்போது நடுவில் இரண்டு இடத்தில் விட்டுப்போனது. எனக்கு விட்டுப்போகாது.

அதே நாள், சாயந்திரம்

பேச்சியைப் பார்த்து வந்தேன். "நேத்து நான் வரவே இல்லியே, பேரனுக்குக் காய்ச்சல். யாரு அவ, என் எடத்துல வந்து உக்காந்தவ?" அவளுக்கு அந்தக் கோபம்தான்.

மத்தியானம் அவர் போன் செய்தார். ஆட்டோ சுடலை நேற்று காளான் சாப்பிட்டவன், இன்று கடை திறந்ததும் வந்து நின்று, "அண்ணாச்சி, நேத்தைய காளான் மிச்சம் கெடக்கா?" என்றானாம். கேட்டதும் விளக்கேற்றிக் கும்பிட்டேன்.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. பக்கத்து வீட்டு ஜெசி நர்ஸ். டூட்டி முடிந்து வந்தவளிடம், வேறு யாருக்கோ நடந்ததுபோலக் கேட்டேன்.

"எக்கா, மஞ்சத் தண்ணில ஒண்ணும் தெரியாது. ரொம்ப மோசமான காளான் சிலது இருக்கு. சாப்பிட்ட அன்னைக்கு ஒண்ணும் பண்ணாது. ருசியாகூட இருக்கும். மறுநாள் வாந்தி, பேதி. அப்புறம் சரியாப் போன மாதிரி இருக்கும். அதுக்குள்ள ஈரலைப் பிடிச்சிரும்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கா சாப்பிட்டது?" என்றாள்.

சொல்லிவிட்டேன்.

"சாப்பிட்ட எல்லாரையும் இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. நல்லா இருக்கவங்களையும்."

அப்படியென்றால் ஐந்து நட்சத்திரமும் ஒன்றுதான், இரண்டு நட்சத்திரமும் ஒன்றுதான். சாப்பிட்ட ராத்திரி எழுதியது எதையும் நம்புவதற்கில்லை. சுடலை சிரித்துக்கொண்டு நின்றதையும்.

முருகா.

அவரிடம் சொன்னேன். முதலில் கத்தினார். அப்புறம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். யோசித்து யோசித்துச் சொன்னார்: சுடலை. பாவூர்சத்திரம் டெம்போ டிரைவர், தங்கக் காப்பு எழுதியது அவர்தான். புளியங்குடி எலுமிச்சை கமிஷன் மண்டி அண்ணாச்சி, இரண்டு பிளேட். அப்புறம் அந்த மதுரைக்காரர்கள். வேறு யாருக்கும் காளான் கொடுக்கவில்லையாம்.

சுடலையை அவன் ஆட்டோவிலேயே ஏற்றிக்கொண்டு போனார். டெம்போ டிரைவர், "என்ன அண்ணாச்சி, வெளாடுதியளா?" என்று சிரித்தாராம். பிறகு போனிலேயே அழுதாராம். புளியங்குடி அண்ணாச்சி போன் அணைந்து கிடக்கிறது.

அந்தக் கடையில் குடிக்கிறவர்கள் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறவள் நான்.

ஆடி 15, வியாழன்

மழை. தூக்கமில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது.

சுடலைக்கும் டிரைவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். இன்றைக்குச் சரியாக இருக்கிறதாம், நாளையும் வந்து பார்க்க வேண்டுமாம். கணக்கு நோட்டைத் திறக்கவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் கணக்கு எழுதாத முதல் நாள் இது.

கடையைப் பூட்டிவிட்டு அவர் விடியற்காலையில் குற்றாலம் போனார். மெயின் அருவியில் வெள்ளம், குளிக்க விடவில்லை. வந்த கூட்டம் பாதி கிளம்பிவிட்டது. போனில் மூச்சிரைத்தார். "லாட்ஜ் லாட்ஜா ஏறி எறங்குதேன்ட்டி. மதுரைக்காரனான்னு கேட்டா, பாதிப் பேரு மதுரைக்காரனாத்தான் இருக்கான். நம்ம ஆளுவ யாரையும் காணல."

மத்தியானம்

வாசலில் குடையோடு புளியங்குடி அண்ணாச்சி!

"ஏ தாயி, என்னய உசிரோட எரிச்சுட்டியளா? போனு தண்ணில விழுந்துட்டு. கடை பூட்டிக் கெடக்கு. அங்கன டீக்கடையில ஒருத்தன் என்னயப் பாத்து பேயைப் பாத்த மாதிரி முழிக்கான்!"

அழுகை வந்துவிட்டது.

"அழாதிய. ரெண்டு பிளேட்டுத் தின்னேன், எனக்கு ஒரு கசப்பும் தெரியல. பக்கத்து பெஞ்சுல மதுரைப் பயலுவ நாலு பேரு. ஒருத்தன் மட்டும் கசக்குன்னு தட்டைத் தள்ளுனான். மத்தவன், எனக்குக் குடுலேன்னு அதையும் சேத்துத் தின்னான்."

எழுதியவன் கொஞ்சம்தான் சாப்பிட்டிருக்கிறான். நிறையச் சாப்பிட்டவன் ஒன்றுமே எழுதவில்லை.

"ஊசின்னா எனக்கு ஆகாது" என்று முனகினவரை ஜெசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

குற்றாலத்திலிருந்து அவர் நனைந்து திரும்பி வந்தார். அந்த மதுரைப் பயணிக்குக் கீழே நாமே எழுதிக் கேட்கலாம் என்றேன்.

"ஊரு ஒலகமே பாக்கும்ட்டி. நம்ம காளான்ல விஷம்னு நாமளே எழுதுனா நாளைக்கே சீல் வச்சிருவான். அப்பா காலத்துக் கடை."

"அந்தப் பிள்ளையளுக்கும் அப்பா அம்மை இருக்கும்லா?"

அவர் சட்டையைக் கழற்றி முற்றத்தில் பிழிந்துகொண்டே நின்றார். உள்ளே வந்து வள்ளியின் போனை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "சமைச்சவ நீ, நீயே எழுது. எம் பேரையும் நம்பரையும் கீழ போடு."

எழுத்து எழுத்தாகத் தட்டினேன். அவர் பேரையும் நம்பரையும் கீழே சேர்த்துப் போட்டது இதுதான்:

"தம்பி, செவ்வாய்க்கிழமை நீங்கள் சாப்பிட்ட காளானைச் சமைத்தது நான். வேர் பார்க்காமல் வாங்கியது. நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. உங்கள் தட்டையும் சேர்த்துச் சாப்பிட்ட அந்தத் தம்பியை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நாலு பேருமே போங்கள். வாந்தி நின்றிருந்தாலும் போங்கள். காட்டுக் காளான் சாப்பிட்டோம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். கடையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். நாலு பேரும் எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் சீக்கிரம் பதில் போடுங்கள்."